பால் ஜாடி ஊதாதான்

அம்மாடி கௌரி,

இவ்விடம் எல்லாரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பித்து, மழையை விசாரித்து, மாப்பிள்ளையை விசாரித்து, மெல்ல விஷயத்துக்கு வருகிற பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை. நீ சொன்னதுதான் சரி. நீ எடுத்துக்கொண்டு போன அந்தக் கண்ணாடிக் கிண்ணம் ஊதாதான். அதோடு பிறந்த பால் ஜாடியை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். சரியாகச் சொன்னால் ஒரு கண்ணால் பார்த்தேன். இன்னொரு கண்ணுக்கு டாக்டரம்மா இன்னும் கத்தி வைக்கவில்லை. நேற்றுத்தான் புது மூக்குக் கண்ணாடி வந்தது. சோடா புட்டியின் அடியை அறுத்துச் செய்தது போல அவ்வளவு தடிமன். அதைப் போட்டுக்கொண்டு நானே எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத்துகள் பூசணிக்காய் அளவு இருந்தால் சிரிக்காதே. எனக்கு இப்போது எல்லாமே பெரிதாகத் தெரிகிறது. உன் அம்மாகூட முன்னைவிடப் பெருத்துவிட்டாள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, காலையில் காபி கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணமாகித் தங்கவயலுக்குப் போனதிலிருந்து நீ எனக்கென்று தனியாக ஒரு வரி எழுதவில்லை. அம்மாவுக்கு எழுதுகிறாய். கடைசியில் இடம் மிச்சமிருந்தால் ‘நைனாவுக்கு நமஸ்காரம்’ என்று ஒரு மூலையில் வருகிறது. நான் உன்மேல் கோபமாக இருப்பதாக நீ நினைக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். இத்தனை நாளும் நீதான் என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று நான் நினைத்திருந்தேன். இதை இப்படியே விட்டால் அப்பனும் மகளும் மூலை நமஸ்காரத்திலேயே காலத்தை ஓட்டிவிடுவோம். அதனால் உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லச் சொல்ல எனக்கு ருசிக்கிறது, கேட்டுக்கொள்.

உன் நைனாவுக்குக் கண்ணாடிப் பைத்தியம் பிடித்தது ஒரு வார்த்தையால் வந்த கூத்து. நம் ஆம்பூரில் பட்டை என்றால் ஆவாரம் பட்டை. தோல் பதனிட அதைவிட்டால் கதி இல்லை. நான் அப்போது தோல் மண்டிக்குப் பட்டை கொள்முதல் செய்பவன்; ஆலங்காயம், நாட்றம்பள்ளி என்று காட்டோரமெல்லாம் சுற்றுகிறவன். அந்த வருஷம் மழை பொய்த்துப் பட்டைக்கு ஏகக் கிராக்கி. குழியில் தோல் காத்திருக்கிறது, பட்டை இல்லை. அந்தச் சமயம் பார்த்து வண்டிக்காரன் ஒருவன் ஓடிவந்து, “வேலூர்ல ஒரு துரை சீமைக்குப் போறாராம். பங்களாவுல பட்டை ஏலம் உடறாங்களாம்” என்றான். துரை காட்டு இலாகாக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். காட்டுத் துரை வீட்டில் பட்டை இல்லாமல் என்ன இருக்கும்? இரட்டை மாட்டு வண்டிகள், சாக்கு, தராசு எல்லாம் பூட்டிக்கொண்டு, வேறு மண்டிக்காரன் எவனும் முந்திவிடக் கூடாதென்று விழுந்தடித்துப் போனேன்.

போய்ப் பார்த்தால் மாமரத்தடியில் நீளமான மேஜை. அதன்மேல் வெள்ளைத் துணி. துணிமேல் தட்டு, கிண்ணம், கோப்பை, ஜாடி, குப்பி என்று எங்கே பார்த்தாலும் கண்ணாடி. ஏலம் விடுகிற ஆள் என் வண்டிகளைப் பார்த்துவிட்டு, “இன்னாய்யா, தராசெல்லாம் கொண்டாந்துகிற? கிளாஸை எடை போட்டு வாங்கப் போறியா?” என்றான். பட்டை என்றார்களே என்று நான் இழுத்தேன். “இதான்யா பட்டை. பட்டை தீட்டின கிளாஸு. ராணியம்மா காலத்து அசல் சரக்கு” என்று ஒரு கோப்பையை என் கையில் திணித்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோப்பையை நான் வெயிலுக்குத் திருப்பினேன் பார், என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகத் துண்டு துண்டாக விழுந்தது. கையை அசைத்தால் அதுவும் அசைந்தது. குடியாத்தத்துத் தறிக்காரன் வீட்டில் பிறந்தவன் நான். சாயத் தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். ஆனால் நிறம் தொட்டியை விட்டு எழுந்து வந்து மேலே உட்காரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெறும் வண்டியாகத் திரும்ப மனசில்லாமல் வைக்கோல் பொதிந்த பெட்டி ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். ஊர் திரும்பினால் மண்டி வாசலில் முதலாளி சாயபு நின்றுகொண்டிருந்தார். “பட்டை எங்கப்பா?” என்றார். “வண்டில கீது சாயபு” என்று பெட்டியைத் திறந்தேன். அவர் ஒரு கோப்பையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வேலை போயிற்று என்று நான் நிற்கிறேன். அவர் முகத்தைச் சற்றும் மாற்றாமல், “இத்த எத்தினி நாளு ஊற வெக்கணும்?” என்று கேட்டார். குழியில் நின்றவர்களெல்லாம் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். அன்றிலிருந்து நான் ஊருக்கெல்லாம் பட்டைக் கண்ணாடிக்காரன்.

பிறகு எந்த பங்களாவில் ஏலம் என்றாலும் முதல் ஆளாக நான் நின்றேன். கற்றுக் கொடுக்க ஒருவரும் கிடையாது. ஏமாந்து ஏமாந்து நானே கண்டுபிடித்ததுதான் எல்லாம். சக்கரத்தில் தேய்த்து வெட்டிய கண்ணாடியா, அச்சில் அழுத்தி எடுத்ததா என்பதுதான் முதல் கேள்வி. வெட்டியதன் விளிம்பில் விரலை ஓட்டினால் சுருக்கென்று கடிக்கும். அச்சில் எடுத்ததன் விளிம்பு வழுவழுவென்று உருண்டிருக்கும். அதோடு பக்கவாட்டில் மேலிருந்து கீழே நூல் போல ஒரு மேடு ஓடும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. நான் அதற்குத் தையல் என்று பேர் வைத்தேன். ஊதிச் செய்த சாமானுக்குத் தையல் இருக்காது, அடியில் தொப்புள் இருக்கும். ஊதுகுழல்காரன் அதைக் கம்பியிலிருந்து உடைத்தெடுத்த தழும்பு. சிலவற்றின் அடியில் வைரக்கல் வடிவத்தில் ஒரு முத்திரை, அதன் மூலைகளில் குட்டிக் குட்டி எழுத்துகள். அது இருந்தால் சீமைச் சரக்கு, இந்த அச்சு எங்களுடையது என்று அவர்கள் பதிந்து வைத்த அடையாளம். மேலே உள்ள வேலைப்பாட்டுக்குத் துரைகள் வைத்த பேர் எனக்குத் தெரியாததால், நானாக வைத்த பேர்கள்தான் நம் வீட்டில்: முள்முள்ளாக இருந்தால் பலா, குழிகுழியாக இருந்தால் கட்டைவிரல், வட்டத்துக்குள் பூ இருந்தால் பொத்தான்பூ. நீ நடை பழகிய வயசிலேயே பலாவையும் பொத்தான்பூவையும் தொட்டுத் தொட்டுச் சொல்வாய்.

நிறம்தான் பெரிய விளையாட்டு. சிவப்பை மட்டும் எடுத்துக்கொள். உடம்பெல்லாம் சிவப்பான கண்ணாடி ஒன்று, வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்பைப் பூசியது ஒன்று. பூசியதை நகத்தால் நெருடினால், தேய்ந்த இடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். அசல் சிவப்புக்குத் தங்கத்தைக் கரைத்துச் சேர்ப்பார்கள் என்று சொல்லி ஏலக்காரன் என்னை மயக்கினான். விசாரித்ததில் அது நிஜம்தான் என்று தெரிந்தது. அப்புறம் எனக்குப் பிடித்த மயில்கழுத்து நிற அத்தர் குப்பி. அப்புறம் அந்த எலுமிச்சைப் பச்சைக் கிண்ணம். சூரியன் இறங்குகிற நேரத்தில் மற்றதெல்லாம் மங்க, அது மட்டும் உள்ளே விளக்கேற்றியது போல இருக்கும். நீயும் நானும் அதைப் பார்க்கவே சாயங்காலம் வாசல் கதவைத் திறந்து வைப்போம். எந்த நிறமானாலும் மேஜைமேல் வைத்துச் சொல்லாதே, தூக்கி வெளிச்சத்தில் பிடித்துச் சொல் என்று உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.

சொன்னவன்தான் அந்த வெளிச்சத்தைத் தொலைத்துவிட்டு நின்றேன். எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. கண்ணில் புரை ஒரு நாளில் வருவதில்லை. ஒவ்வொரு நாளும் துளித் துளியாக உலகம் பழுப்பாகிறது. நேற்றும் இப்படித்தானே இருந்தது என்று நாம் இருந்துவிடுகிறோம். உருவமும் மங்கியபோதுதான் எனக்கே பயம் வந்தது. அதையும் மறைத்தேன். ஆட்களைக் குரலால் தெரிந்துகொண்டேன். கண்ணாடிச் சாமானை யாராவது கொண்டுவந்து கேட்டால் விரல் பார்த்துக்கொண்டது. தையல், தொப்புள், பலா, பொத்தான்பூ எல்லாம் விரலுக்கே தெரியுமே! “கண்ணை மூடிக்கினே சொல்றாரு பாரு” என்று ஆச்சரியப்பட்டார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். நிறத்தை மட்டும் பழைய ஞாபகத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் உன் கல்யாணத்துக்கு முந்தின நாள், சீர்ப்பெட்டி கட்டுகிற சமயத்தில், அலமாரியைத் திறந்து “உனுக்குப் புடிச்ச ஒண்ணை எடுத்துக்கோ” என்றேன். தங்கச் சிவப்புக் கிண்ணத்தை எடுப்பாய் என்று எனக்கு நிச்சயம். அதைத் துடைத்து முன்வரிசையில்கூட வைத்திருந்தேன். நீ அலமாரியைத் தாண்டிப் போய், மேற்கு ஜன்னலில் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்தாய். முதல் ஏலப் பெட்டியில் வந்த பொத்தான்பூ சாமான் மூன்றில் ஒன்று. சர்க்கரைக் கிண்ணம், பால் ஜாடி, ஒரு தட்டு. அச்சில் எடுத்த வெறும் வெள்ளை. இருப்பதிலேயே அற்பமான சாமான் என்று அதையும் ஜாடியையும் உப்பு, புளி வைக்க ஜன்னலில் போட்டதே நான்தான்.

“அது எதுக்கு? அச்சு வெள்ளை. செவப்பை எடு” என்றேன். நீ, “இது வெள்ளை இல்ல நைனா, ஊதா. சின்னதுல பாத்தப்போ வெள்ளையாத்தான் இருந்துது. இப்ப மாறிப்போச்சி. எனுக்கு இதான் புடிச்சிருக்கு” என்றாய். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். “கிளாஸு கலர் மாறுமா? அது இன்னா பழமா, பழுக்கறதுக்கு? இத்தினி வருசம் என் கூட இருந்து இதான் கத்துக்கினியா?” என்று நான் கத்தினேன். நீ பழைய துணியில் கிண்ணத்தைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாய். அவ்வளவுதான், அதோடு நமக்குள் பேச்சு நின்றது.

நீ போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ரஹீம் பாய் வந்தார். உனக்குத் தெரியுமே, மண்டியில் தோலுக்குத் தரம் பிரிக்கிறவர், என்னோடு அத்தனை ஏலத்துக்கும் வந்து, ஒரு சாமான்கூட வாங்காமல் என்னைக் கேலி பண்ணியே காலம் தள்ளியவர். அலமாரியிலிருந்து இரண்டை எடுத்து என் கைகளில் கொடுத்து, “இதுல எது உன் தங்கச் செவப்பு, சொல்லு” என்றார். இரண்டும் எனக்குக் காய்ச்சிய வெல்லப்பாகு நிறத்தில்தான் தெரிந்தன. விரலை ஓட்டினேன், இரண்டும் ஊதிச் செய்தவை, இரண்டும் கட்டைவிரல் குழி. குத்துமதிப்பாக வலதுகைக் கிண்ணத்தை நீட்டினேன். பாய் இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, “அது பச்சைடா தோஸ்த். உன் கண்ணுல பட்டைத் தண்ணி எறங்கிப்போச்சி. பேஜார் பண்ணாம எழுந்திரு, வேலூருக்குப் போலாம்” என்றார். தோல் ஊறுகிற குழியின் பழுப்புத் தண்ணீர் இருக்கிறதே, அதற்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் எப்படித் தெரியுமோ அப்படித்தான் நான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி என்றதும் பயந்தேன். பாய் விடவில்லை. சொந்த அண்ணன்போலக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குள் தள்ளினார்.

ஆபரேஷன் ஆகி, தலையை அசைக்காமல் கட்டுப் போட்டுக் கிடந்ததெல்லாம் அம்மா எழுதியிருப்பாள். அவள் எழுதாததை நான் சொல்கிறேன். கட்டை அவிழ்த்ததும் உருவம் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் நிறம்! கௌரி, நிறம்! சுவர், படுக்கை, டாக்டரம்மாவின் அங்கி எல்லாம் நீலம் போட்டு அலசிய வேட்டிபோல இருந்தது. நீலம் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்திருக்கிறேன். டாக்டரம்மா எத்தனை விரல் என்று கேட்டார். “விரலு தெரியலம்மா, ஆனா ஜன்னலாண்ட வானம் கீது” என்றேன். அந்தம்மா சிரித்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

மறுநாள் அம்மாவிடம் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு கண்ணாடிச் சாமான் கொண்டுவரச் சொன்னேன். அலமாரிச் சாவி அவளுக்குக் கிடைக்கவில்லை. கைக்குச் சிக்கியதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நல்ல கத்திரிப்பூ ஊதா, வெளிச்சத்தில் அப்படியே மிதந்தது.

“இந்த ஊதா ஏது? நம்மகிட்ட ஏது ஊதா?” என்று கேட்டேன்.

“எந்த ஊதா? ஜன்னல்ல இருக்கற பால் ஜாடிதாங்க.”

“அது வெள்ளை.”

“எந்தக் காலத்துல வெள்ளை? வீட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?”

உன் அம்மா ஜாடியைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள். “சொன்னாளே ஒருத்தி” என்றாள்.

நேற்று மூக்குக் கண்ணாடி வந்ததும் நான் செய்த முதல் வேலை, டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து அந்த மூன்றாவது சாமானை, விளிம்பு உடைந்ததென்று உள்ளே போட்டு வைத்த தட்டை, வெளியே எடுத்தது. அதே பொத்தான்பூ, அதே தையல், அடியில் அதே வைர முத்திரை, எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் அது பளிங்கு வெள்ளை! பக்கத்தில் ஜாடியை வைத்தேன், ஊதா! பாயைக் கூப்பிட்டனுப்பினேன், எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், தெருவில் போன தயிர்க்காரியைக்கூட விடவில்லை. ஒன்றாகச் செய்து, ஒரே பெட்டியில் வந்த இரண்டு. ஒன்று இருட்டில் கிடந்தது, ஒன்று நம் மேற்கு ஜன்னலில் சித்திரை வைகாசி வெயிலையெல்லாம் தின்றது. சீமையில் நிறமே இல்லாமல் பிறந்த கண்ணாடிக்கு நம் ஆம்பூர் வெயில் சாயம் போட்டிருக்கிறது! சாயத் தொட்டி நடுவில் வளர்ந்தவன் நான், வீட்டுக்குள்ளேயே நடந்த சாயவேலையைக் கோட்டைவிட்டேன் பார்த்தாயா? கண்ணாடிக்குள் என்ன கலந்திருந்தால் இப்படி ஆகும் என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது. தங்கத்தை உருக்கிச் சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவருக்குத் தெரியாமலா போகும்? உன் கிண்ணத்தை அங்கேயும் வெயிலில் வை. தங்கவயல் வெயில் நம் வெயிலுக்குச் சரிக்குச் சரி நிற்கிறதா, பார்த்துவிடலாம்.

புத்திமதி சொல்லாத அப்பன் உண்டா? நானும் ஒன்று சொல்கிறேன், ஒன்றே ஒன்று. புகுந்த வீட்டிலும் என்னைப் போலச் சத்தமாகப் பேசுகிற பெரியவர்கள் இருப்பார்கள். நல்லவர்களாகவும் இருப்பார்கள், உன்மேல் உயிராகவும் இருப்பார்கள். நீ கண்ணால் கண்ட ஒன்றை அவர்கள் இல்லை என்று அடித்துச் சொன்னால், வாயை மூடிக்கொண்டு துணியில் சுற்றி வைக்காதே. மரியாதையாக, இன்னொரு முறை சொல். ஊதா நைனா என்று நீ இரண்டாம் முறை சொல்லியிருந்தால் நான் இன்னும் ஜாஸ்தி கத்தியிருப்பேன், அது நிஜம். ஆனால் கத்திவிட்டு, ஜன்னலுக்குப் போய் அந்த ஜாடியைத் தூக்கிப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் எனக்கு நிறமே தெரியவில்லை என்று உறைத்து, ஆஸ்பத்திரிக்கு அப்போதே போயிருப்பேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மணவறையில் நான் வாயே திறக்கவில்லை, கிண்ணத்துக்காக முறுக்கிக்கொண்டிருந்தேன் என்றுதானே நினைத்தாய்? இல்லை அம்மா. நீ கூறைப் புடவை கட்டிக்கொண்டு வந்து காலில் விழுந்தபோது எனக்குத் தெரிந்தது கறுப்பு. என் பெண்ணுக்குக் கல்யாணத்தன்று யார் கறுப்பைக் கட்டிவிட்டார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் என் கண் விஷயம் சபையில் வெளிப்பட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உன் முகம் இருக்கிற இடத்தில் பழுப்பாக ஏதோ அசைந்தது. ஆசீர்வாதம் செய்கிற சாக்கில் உன் கன்னத்தைத் தொட்டேன், ஈரமாக இருந்தது. சந்தோஷமா, துக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்.

இன்று காலை அம்மாவைக் கேட்டேன், அது என்ன நிறப் புடவை என்று. அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்து என்னையே பார்த்தாள். “மயில்கழுத்துங்க. அலமாரில இருக்கற அத்தர் குப்பியை மடில கட்டினு போயி, இதே கலர்தான் வேணும், எங்க நைனாவுக்குப் புடிச்ச கலரு இதான்னு கடை கடையா ஏறி எறங்கி எடுத்தா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு சாயங்காலம் வரிக்கும் பாத்துனே இருந்தா” என்றாள். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்து இந்தக் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறு. பலகாரம் ஒன்றும் செய்து எடுத்துவர வேண்டாம். அந்தப் புடவையை மட்டும் மறக்காமல் கொண்டு வா. வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு, வெளிச்சத்தில், என் எதிரே வந்து நில். ஊரெல்லாம் வந்து உன் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் கௌரி. நான் இன்னும் பார்க்கவில்லை.

உன் நைனா